லாட்டரிக் கடையும் நம் மனசும்: எல்லையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து மகளிர் குழுக்களில் வீட்டுக் கணக்கு எழுதுவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறேன். எந்த வீட்டுக் கணக்கைத் திறந்தாலும் ஒரு செலவு வந்து நிற்கும்: லாட்டரி. சிலர் அதை 'சில்லறைச் செலவு' என்று மறைத்து எழுதுவார்கள். ஒரு பொருளை, ஒரு கடையை, ஒரு போன் திரையை அமைத்திருக்கும் விதம் நம்மை எப்படி நடக்க வைக்கிறது என்பதுதான் அங்கே வரும் கேள்விகளின் அடிநாதம். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வடிவமைப்பு என்றால் அழகுபடுத்துவதுதானே? அதற்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

பாங்கிலோ துணிக்கடையிலோ கண்ணாடிக் கதவைப் பார்த்திருப்பீர்கள். தள்ள வேண்டிய கதவில் இழுப்பதற்கான கைப்பிடி வைத்திருப்பார்கள். வருகிறவர் எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் 'தள்ளு' என்ற எழுத்தைப் படிப்பார்கள். கை முந்துகிறது, கண் பிந்துகிறது. அமெரிக்க அறிவியலாளர் டொனால்ட் நார்மன் இதைப் பற்றி விரிவாக எழுதியதால், இப்படிக் குழப்பும் கதவுக்கு 'நார்மன் கதவு' என்றே பெயர் வந்துவிட்டது. தவறு இழுத்தவருடையது இல்லை, கதவைச் செய்தவருடையது என்பது அவர் வாதம். கதவுக்குப் பொருந்தும் இந்த வாதம் டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒருவர் நடந்துகொள்ளும் விதத்துக்கு அவர் குணத்தை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். அவர் முன்னால் வைக்கப்பட்டிருக்கும் பொருளையும் பாருங்கள்.

எத்தனையோ பொருள் இருக்க, ஏன் லாட்டரி?

நாம் வாழும் இடம் அப்படி. கேரள அரசு 1967-இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல். டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. அதனால் வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம், தெற்கே குமுளி, ஆரியங்காவு, களியக்காவிளை என்று எல்லை வருகிற இடமெல்லாம் கடைகள் குவிந்தன. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது டீக்கடை, இரண்டாவது லாட்டரிக் கடை. தமிழில் போர்டும் இருக்கும்.

ஒரு காகித டிக்கெட்டில் அப்படி என்ன வடிவமைப்பு?

கடையை ஒரு தடவை கிட்டப்போய் நின்று பாருங்கள். ஒரு மேசை, மேலே ஒரு குடை. டிக்கெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, முழுதும் மூடாமல், படிக்கட்டுபோல் சரித்து அடுக்கி கிளிப் போட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் கடைசி நான்கு எண் மட்டும் வெளியே தெரியும். வாங்க வருகிறவர் விரலால் தள்ளிக்கொண்டே போவார், ஒரு எண்ணில் நிற்பார், யோசிப்பார், வேறொன்றை உருவுவார். கடைக்காரர் அவசரப்படுத்தவே மாட்டார்.

அந்த உருவுதல்தான் முக்கியம். எல்லன் லாங்கர் என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இது. அலுவலக ஊழியர்களுக்கு ஒரு டாலர் லாட்டரிச் சீட்டு விற்றார்கள். பாதிப் பேர் தாங்களே சீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கையில் கொடுத்தார்கள். குலுக்கலுக்கு முன் "இதை எனக்கு என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்று கேட்டபோது, கையில் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாங்களே எடுத்தவர்கள் கேட்டது 8.67 டாலர். இரண்டுக்கும் வாய்ப்பு ஒன்றேதான். நம் விரல் தொட்டு எடுத்ததாலேயே அதில் நம் கைராசி கலந்துவிட்டதாக மனசு நம்புகிறது.

அடுத்தது, எண்ணின் அமைப்பு. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயரில் வரும் வாராந்தர டிக்கெட்டில், இரண்டு ஆங்கில எழுத்து கொண்ட ஒரு சீரிஸ், அதன்பின் ஆறு இலக்கம். 12 சீரிஸ், ஒவ்வொன்றிலும் ஒன்பது லட்சம் எண் என்றால் மொத்தம் 1 கோடியே 8 லட்சம் டிக்கெட். தினம் ஒன்று வாங்கினால், சராசரியாக 29,000 ஆண்டுக்கு மேல் வாங்கினால்தான் ஒரு முதல் பரிசு. ஆனால் டிக்கெட்டைப் பார்க்கும்போது கோடி என்ற அளவு கண்ணில் படுவதில்லை. தெரிவது ஆறு இலக்கம், அதிலும் கடையில் பளிச்சென்று தெரிவது நான்கு இலக்கம். சின்னப் பரிசுகள் எல்லாம் அந்தக் கடைசி நான்கு இலக்கத்துக்குத்தான். எனவே மனசு போடும் கணக்கு 'நாலு நம்பர்தானே' என்பது.

சின்னப் பரிசுப் பணத்தை வாங்கப் பெரும்பாலும் எங்கே போகிறோம்? அதே கடைக்கு. நூறு ரூபாயைக் கையில் வாங்கி, திரும்பும் முன் இரண்டு டிக்கெட்டாக மாற்றிக்கொள்கிறோம். வென்ற பணம் வீட்டு வாசலைப் பார்ப்பதே இல்லை.

'ஒரு நம்பர்ல போச்சு' என்று என் வீட்டுக்காரர் தினமும் சொல்கிறார். நிஜமாகவே நெருங்கி வருகிறாரா?

இல்லை. இதை எங்கள் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். 4728 என்ற எண்ணுக்குப் பரிசு என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் பொருந்துவது ஒரே ஒரு எண். ஒரு இலக்கம் மட்டும் தவறிய எண்கள் எத்தனை? ஒவ்வொரு இடத்திலும் வேறு ஒன்பது இலக்கம் வரலாம், நான்கு இடம், மொத்தம் 36. அதாவது 'ஒரு நம்பர்ல போச்சு' என்பது வெற்றியைவிட 36 மடங்கு அதிகமாக நடந்தே தீரும். ஒரு குலுக்கலில் இப்படிப் பல எண்கள் எடுக்கப்படுவதால், நூலிழையில் தவறியவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள்.

நூலிழையில் தவறுவது மனசை என்ன செய்கிறது என்பதுதான் விபரீதம். கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் சூதாட்ட இயந்திர விளையாட்டை வைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். நூலிழையில் தவறியபோது, வெற்றிக்கு வேலை செய்யும் மூளைப் பகுதிகளே கொஞ்சம் கிளர்ந்தன. ஆட்டக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மறுபடி ஆட வேண்டும் என்ற ஆசை மட்டும் கூடியது.

கேரள டிக்கெட்டில் இது பரிசாகவே வருகிறது. முதல் பரிசு எண்ணே வேறு சீரிஸில் இருந்தால் ஆறுதல் பரிசு. ஓணத்துக்கு வரும் பெரிய பரிசு லாட்டரியான திருவோணம் பம்பரில், 2023-இல் 25 கோடி பெற்ற எண்ணை மற்ற ஒன்பது சீரிஸில் வைத்திருந்தவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம். ஐந்து லட்சம் வந்ததே என்று மகிழாமல், ஒரே எழுத்தில் 25 கோடி போனதே என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தினமும் ஒரே நம்பரைத் தேடி வாங்குகிறார். ஒருநாள்கூட விட முடியவில்லை. ஏன்?

விட்ட நாளில் அந்த எண் விழுந்துவிட்டால்? அந்தப் பயம்தான். நெதர்லாந்தில் அஞ்சல் குறியீட்டு லாட்டரி ஒன்று உண்டு. உங்கள் தெருவின் அஞ்சல் குறியீடுதான் எண். நீங்கள் சீட்டு வாங்காவிட்டாலும் உங்கள் எண் விழுந்ததா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்குவதையும் பார்ப்பீர்கள். சீலன்பெர்க், பீட்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் காட்டியது, இந்த லாட்டரியில் வரப்போகும் வருத்தத்தை நினைத்தே மக்கள் வாங்குகிறார்கள் என்பது. ஒரே எண்ணைப் பிடித்திருப்பவர் தானாகவே அந்த நெதர்லாந்து ஏற்பாட்டுக்குள் போய் மாட்டிக்கொள்கிறார்.

இதற்கு ஒரு வழி உண்டு. நிறுத்தப்போகிறவர் முடிவுகளைப் பார்ப்பதையும் நிறுத்த வேண்டும். டிக்கெட்டை நிறுத்திவிட்டு பேப்பரில் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நிற்காது.

வாளையாறில் விற்ற டிக்கெட்டுக்கு 25 கோடி விழுந்ததே, அது பொய்யா?

உண்மைதான். 2023 திருவோணம் பம்பர் முதல் பரிசு வாளையாறில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர் கூட்டாக எடுத்தது. அதன்பின் 'நம்ம வாளையாறு' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எளிதில் நினைவுக்கு வருவது அடிக்கடி நடப்பதாகத் தோன்றும் என்று டிவெர்ஸ்கியும் கானமனும் 1973-இலேயே எழுதினார்கள். வென்றவர் படம் கடை வாசலில் தொங்கும். தோற்ற லட்சக்கணக்கானவர்களுக்குப் படம் கிடையாது. பத்து சீரிஸ், சீரிஸுக்கு ஒன்பது லட்சம் என்றால் 90 லட்சம் டிக்கெட்டில் ஒன்று. விற்ற இடம் வாளையாறு என்பது அடுத்த டிக்கெட்டின் வாய்ப்பை ஒரு துளிகூடக் கூட்டாது.

இன்னொன்று: 25 கோடி என்றால் 25 கோடி கையில் வராது. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போனால் 22.5 கோடி, அதில் 30 சதவீதம் வரிப் பிடித்தம் போனால் 15.75 கோடி. அதற்குமேல் சர்சார்ஜ், செஸ் வேறு.

அப்படியானால் வாங்குகிறவர்கள் எல்லாம் முட்டாளா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். முட்டாள் இல்லை. நாள் முழுக்கக் கட்டட வேலையில் செங்கல் தூக்கிவிட்டு, மகள் படிப்புக்கு இரண்டு லட்சம் எங்கிருந்து வரும் என்று யோசிப்பவருக்கு, ஐம்பது ரூபாய்க்கு ஒருநாள் நம்பிக்கை விற்கப்படுகிறது. வேறு எந்தக் கடையிலும் அந்த விலைக்கு அது கிடைக்காது.

பணமுடை யோசிக்கும் திறனையே அரிக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே சான்று இருக்கிறது. மணி, முல்லைநாதன், ஷஃபீர், ஜாவோ ஆகியோர் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம், அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகைச் சிந்தனைச் சோதனைகளை வைத்தார்கள். கரும்புப் பணம் வருவதற்கு முன், கை காய்ந்திருக்கும்போது, அதே ஆட்கள் குறைவாகவே செய்தார்கள். பணம் வந்தபின் நன்றாகச் செய்தார்கள். 2013-இல் வெளியானது. ஆள் மாறவில்லை, மூளை மாறவில்லை. தலைமேல் இருந்த பாரம் மட்டும் மாறியது. லாட்டரி வாங்குகிறவரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள் என்று எல்லாக் குழுவிலும் கெஞ்சிக் கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் தடை செய்தும் மக்கள் வாங்குகிறார்களே? தடையால் என்ன பயன்?

தூரமும் ஒரு வடிவமைப்புதான். டீ குடிக்கப் போன இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த டிக்கெட், தடைக்குப் பின் ஒரு பஸ் பயணத்துக்கு அப்பால் போனது. திருநெல்வேலியில் இருப்பவருக்கு அது பெரிய வித்தியாசம். பொள்ளாச்சிக்காரருக்கோ கோபாலபுரம் பக்கம்தான், அவருக்குத் தடை பாதிதான் தடை. கேரளப் பக்கத்தில் குடியிருக்கும் நமக்கு அதுவும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள முடிவின் கடைசி மூன்று எண்ணை வைத்து 'மூணு நம்பர்' என்று கள்ளத்தனமாக நடத்துகிறார்கள். அதில் காகிதம் இல்லை, கணக்கு இல்லை, பரிசு தராவிட்டால் கேட்க ஆளும் இல்லை. அதன் பக்கமே போகாதீர்கள்.

லாட்டரிப் பணம் கருணை நிதிக்குத்தானே போகிறது என்கிறார் என் வீட்டுக்காரர். சரியா?

பாதி சரி. கேரளத்தில் காருண்யா லாட்டரி வருமானத்தில் ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை உதவி கொடுத்தார்கள், பலர் பிழைத்தார்கள். ஆனால் 'தர்மத்துக்குப் போகிறது' என்ற நினைப்பு, இரண்டாவது டிக்கெட்டை எடுக்கக் கைக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. உதவ நினைப்பவர் நேரடியாகக் கொடுக்கலாமே.

போனிலும் இதே மாதிரி நடக்கிறதா?

நடக்கிறது, இன்னும் கெட்டியாக. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோதுதான் பழக்கம் விடாப்பிடியாக நிற்கிறது என்று ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டினார். திரையைக் கீழே இழுத்து விட்டால் புதிதாக ஏதாவது வரும், வராமலும் இருக்கும். முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை 2006-இல் உருவாக்கிய அசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்திப் பேசினார்.

ஆனால் போனில் நமக்குச் சட்டம் கொஞ்சம் துணைக்கு இருக்கிறது. ஏமாற்றும் திரை வடிவங்களுக்கு ஹாரி பிரிக்னல் 2010-இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. 'இன்னும் இரண்டே பாக்கி' என்ற பொய் அவசரம், கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது, கடைசித் திரையில் கட்டணத்தைக் கூட்டுவது, வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துவது, சந்தாவை நிறுத்த விடாமல் அலைக்கழிப்பது எல்லாம் அதில் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. அரசுக் காகித லாட்டரி அதில் வராது.

இதே உத்தியை நல்லதுக்குப் பயன்படுத்த முடியாதா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பிரிட்டனில் 1956-இல் பிரீமியம் பாண்ட் என்று ஒன்றை அறிவித்தார்கள். சேமிப்புப் பத்திரம்தான், வட்டிக்குப் பதிலாக, மாதாமாதம் குலுக்கலில் பரிசு. போட்ட பணம் போகாது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். குலுக்கலின் பரபரப்பும் இருக்கிறது, முதலும் பத்திரம். கேரள அரசும் 2022-இல் 'லக்கி பில்' என்ற செயலியைக் கொண்டுவந்தது: கடையில் பில் கேட்டு வாங்கி ஏற்றினால் பரிசுக் குலுக்கல். பில் கேட்கும் பழக்கத்தை அதட்டி வரவழைக்காமல் ஆசைகாட்டி வரவழைக்கும் முயற்சி.

நம் ஊரில் மாதாமாதம் பணம் கட்டிச் சேர்க்கும் சீட்டும் (சிட் ஃபண்ட்) நல்ல வடிவமைப்புதான். மாதம் பிறந்தால் கட்டியே ஆக வேண்டும், கட்டாவிட்டால் நாலு பேருக்குத் தெரியும். கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. 1969 முதல் இதை நடத்துகிறது. பதிவில்லாத தனியார் சீட்டில் மட்டும் விழுந்துவிடாதீர்கள்.

ரிச்சர்ட் தேலரும் பெனார்ட்சியும் அமெரிக்கத் தொழிலாளர்களிடம் செய்தது இன்னும் எளிமை. 'இப்போதே சேமி' என்று கேட்கவில்லை. அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போகட்டும், சரியா என்று கேட்டார்கள். நாற்பது மாதத்தில், சம்பளத்தில் சேமிக்கும் பங்கு 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதம் ஆனது. கையில் வராத பணத்தை விட்டுக்கொடுப்பது சுலபம்.

வடிவமைப்பை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா?

அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். டெல்லாவிக்னா, லினோஸ் இருவரும் 2022-இல், இப்படிச் சின்ன மாற்றங்களால் மக்களை நடக்க வைக்க அமெரிக்காவின் இரண்டு பெரிய அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளில் சராசரி மாற்றம் 8.7 சதவீதப் புள்ளி. இந்தக் களச் சோதனைகளில் 1.4 மட்டுமே. சின்ன மாற்றத்துக்குச் சின்னப் பலன். கூலி உயராமல், கடன் வட்டி குறையாமல், கடையை மட்டும் நகர்த்தினால் போதாது.

வீட்டில் ஒருவர் தினமும் மூன்று டிக்கெட் வாங்குகிறார். என்ன செய்யலாம்?

ஐம்பது ரூபாய் வீதம் மூன்று என்றால் வருடத்துக்கு 54,750 ரூபாய். இதைச் சத்தம் போட்டுச் சொன்னால் சண்டைதான் வரும். எங்கள் குழுக்களில் உதவிய வழிகள் இவை.

சம்பளம் வாங்கும் சனிக்கிழமை சாயங்காலம்தான் ஆபத்தான நேரம். அன்று மட்டும் வேறு பாதையில், அல்லது கூட ஒருவரோடு வரட்டும். முடிந்தால் கூலியில் பெரும்பகுதி நேராகக் கணக்குக்கு வரட்டும். கையில் செலவுக்கு மட்டும். 'இனி வாங்க மாட்டேன்' என்ற பொதுச் சபதம் நிற்பதில்லை. 'பஸ்ஸ்டாண்டில் இறங்கினால் நேரே பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு' என்று இடமும் செயலும் சேர்த்துச் சொல்லும் தீர்மானம் அதைவிட நிற்கும்; கோல்விட்ஸர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார். முழுதும் விட முடியாதவர் வாரம் ஒன்று என்று குறைக்கட்டும். அதைக் கிண்டல் செய்யாதீர்கள்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: வாங்கியது, விழுந்தது. எழுதுவது அவராகவே இருக்கட்டும். மாதக் கடைசியில் கூட்டுவதும் அவரே.

கடன் வாங்கி வாங்குகிறார், பொய் சொல்கிறார், தூக்கம் போய்விட்டது என்றால் இந்தச் சின்ன உத்திகள் போதாது. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் திசா என்ற சுகாதார உதவி எண் 1056-ம் இருக்கிறது.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடலாமா?

வேண்டாம். வெயிலில் உட்கார்ந்து விற்பவர்களில் பலர் வயதானவர்கள், கைகால் இயலாதவர்கள். அவர்களுக்கும் அடுப்பெரிய வேண்டும். ஆனால் பக்குவமாகக் கேட்கலாம். "அண்ணா, இவருக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்காதீங்க, செட்டாகக் கொடுக்கவே கொடுக்காதீங்க" என்று சொன்னால் கேட்டுக்கொண்ட கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். (கடைசி நான்கு எண் ஒன்றாக உள்ள டிக்கெட்டுகளைக் கட்டாகக் கொடுப்பதுதான் செட்.) கடனுக்குக் கொடுக்கிற கடை என்றால் மட்டும் கறாராகப் பேசுங்கள்.

'உங்களுக்குக் கேரள லாட்டரி விழுந்திருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

இல்லை. கேரள லாட்டரி காகித டிக்கெட்டாக மட்டுமே விற்கப்படுகிறது; ஆன்லைன் விற்பனை கிடையாது. பரிசுக்கு முன்பணமாக ஜி.எஸ்.டி. கட்டச் சொன்னால் அது மோசடி. வரியைப் பரிசிலிருந்துதான் பிடிப்பார்கள், உங்களிடம் கேட்க மாட்டார்கள். 'இன்று மாலைக்குள்' என்று அவசரப்படுத்துவதும் அதே பழைய உத்திதான். பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்து பணம் அனுப்பிய விவரத்தைச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.